பெரியப்பாவின் ஆம்ப்ளி

போன மாதம் எங்கள் தெருவின் சொல்தா வீடுகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதில் என் பெரியப்பா பிரான்சிலிருந்து கொண்டுவந்த பாட்டுப் பெட்டியைப் பற்றி ஒரு வரி வந்தது. அந்தப் பெட்டி இப்போது எங்கே, இன்னும் பாடுகிறதா என்று இரண்டு மூன்று நண்பர்கள் கேட்டிருந்தார்கள். பாடுகிறது. ஆனால் அது நாற்பது வருடத்துக்கும் மேல் பாடாமல் கிடந்ததற்கு நானும் ஒரு காரணம் என்பது போன வருடம்தான் எனக்குத் தெரியவந்தது. அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமானால், அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சாமான்களின் கதையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பெரியப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். இந்தோசீனா, பிறகு அல்ஜீரியா, கடைசியில் தூலோன். 1961இல் பென்ஷனோடு புதுச்சேரி திரும்பியபோது இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு சைக்கிள், ஒரு ஆம்ப்ளிஃபையர், அதற்கென ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி, ஒரு ரெக்கார்டு பிளேயர் இவ்வளவுதான் கொண்டுவந்தார். அவர் அதை ‘ஆம்ப்ளி’ என்பார். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகினோம். தேக்கு நிறத்தில் மரப்பெட்டி, முன்னால் மூன்று குமிழ், பின்னால் ஜன்னல் மாதிரி ஓட்டைகள். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் ஓட்டை வழியாக ஆரஞ்சு வெளிச்சம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அந்த வெளிச்சத்தைப் பார்ப்பதற்கென்றே தெருப் பிள்ளைகள் வருவார்கள்.

அந்த வெளிச்சம் வருகிற கண்ணாடிக் குமிழை நாம் வால்வு என்போம். ஆங்கிலேயர் வைத்த பெயர். அமெரிக்கர் டியூப் என்றார்கள். பெரியப்பா ‘லாம்ப்’ என்பார், பிரெஞ்சுக்காரர் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரே பொருளுக்கு மூன்று பெயர் ஏன் என்று பள்ளியில் படிக்கும்போது யோசித்ததில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1904இல் ஜான் ஃப்ளெமிங் என்ற ஆங்கிலேயர் மின்சாரத்தை ஒரே பக்கமாக மட்டும் விடும் கண்ணாடிக் குமிழ் ஒன்றைச் செய்தார். தண்ணீர்க் குழாயில் ஒருவழி வால்வு இருப்பதுபோல என்பதால் வால்வு. இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் அதற்குள் மூன்றாவதாக ஒரு கம்பியை, கிரிட் என்பதை, நுழைத்தார். ஆடியான் என்று பெயர் வைத்தார். இந்தக் கிரிட்டில் ஒரு சிறு மின்னழுத்தம் ஏறி இறங்கினால், பிளேட்டுக்குப் போகும் பெரிய மின்னோட்டமும் அதே மாதிரி ஏறி இறங்கும். சின்னதைப் பெரிதாக்குவது என்பது இதுதான். ஆனால் டி ஃபாரஸ்டுக்கே அது எப்படி வேலை செய்கிறது என்று சரியாகப் புரியவில்லை. உள்ளே கொஞ்சம் வாயு இருப்பதுதான் அவசியம் என்று நினைத்தார். அது தவறு. உள்ளே காற்றே இல்லாமல் சுத்தமாக உறிஞ்ச வேண்டும் என்று மற்றவர்கள் கண்டுபிடித்த பிறகுதான் அது உருப்பட்டது.

பிரெஞ்சுக்காரருக்கு இந்தப் பொருள் வந்து சேர்ந்த விதம் ஒரு சினிமாக் கதை. போல் பிஷோன் என்று ஒருவர். பிரெஞ்சுப் படையிலிருந்து ஓடிப்போய் ஜெர்மனியில் குடியேறியவர். அங்கே டெலிஃபுங்கன் என்ற கம்பெனியில் வேலை. கம்பெனி வேலையாக அமெரிக்கா போனவர் திரும்பும்போது பெட்டியில் சில ஆடியான்கள். நடுவழியில் 1914 ஆகஸ்ட் வந்துவிட்டது, யுத்தம் மூண்டுவிட்டது. ஜெர்மனிக்குப் போவதா, பிரான்சுக்குப் போவதா? போனால் ஓடுகாலிச் சிப்பாய் என்று பிடிப்பார்கள் என்று தெரிந்தும் பிரான்சுக்கே போனார். பிடித்தார்கள். ஆனால் அவர் பெட்டியில் இருந்தது கர்னல் குஸ்தாவ் ஃபெரியேவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஃபெரியேதான் பிரெஞ்சு ராணுவத்தின் கம்பியில்லாத் தந்திக்குத் தலைவர். ஈஃபல் கோபுரத்தின் அனுமதி 20 வருடத்துக்கு மட்டும்தான், 1909இல் அதைக் கழற்றிவிடலாம் என்றிருந்த நிலையில், அதன் உச்சியில் ஆன்டெனா கட்டி ராணுவத்துக்கு இது வேண்டும் என்று காட்டியவர் அவர். இந்த ஆடியான்களைப் பார்த்ததும் இதைச் செம்மைப்படுத்தி ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தார். பாரிஸ் போர்முனைக்குப் பக்கம் என்பதால் லியோன் நகரத்தைத் தேர்ந்தெடுத்தார். பௌதிகப் பேராசிரியர் ஆன்ரி ஆப்ராமை அங்கே அனுப்பினார். அங்கே கிராமோன் என்ற தொழிற்சாலை. அது செய்துகொண்டிருந்தது வீட்டு மின்விளக்கு. விளக்குக்குக் கண்ணாடி ஊதுகிறவர், இழை கட்டுகிறவர், காற்று உறிஞ்சுகிற பம்பு எல்லாம் தயாராக இருந்தன. 1915இல் அங்கிருந்து வெளியே வந்ததுதான் ‘டி.எம்.’ எனப்படும் லாம்ப், ராணுவத் தந்தி என்பதன் பிரெஞ்சுப் பெயர்ச் சுருக்கம். விளக்குத் தொழிற்சாலையில் பிறந்ததால் அதற்கு லாம்ப் என்ற பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. யுத்தம் முடிவதற்குள் லட்சத்துக்கும் மேல் செய்துவிட்டார்கள். ஆங்கிலேயரும் அதைப் பார்த்து ‘ஆர்’ வால்வு என்று தங்களுக்கு ஒன்று செய்துகொண்டார்கள்.

அந்த லாம்ப் மூன்றை வரிசையாக வைத்து ஒரு சிறு ஆம்ப்ளிஃபையர் செய்து, பதுங்குகுழிகளில் வைத்தார்கள். பாட்டுக் கேட்க அல்ல. மண்ணில் இரண்டு கம்பியை அடித்து, எதிரியின் டெலிபோன் பேச்சு பூமி வழியாகக் கசிந்து வருவதை ஒட்டுக் கேட்கத்தான். நம் வீட்டுப் பாட்டுப் பெட்டியின் பாட்டனார் ஒரு ஒற்றன். ஆன்ரி ஆப்ராமைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பிரான்சுக்காக அவ்வளவு செய்த அந்த யூதப் பேராசிரியரை அடுத்த யுத்தத்தில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். 1943இல் அங்கேயே இறந்தார்.

இந்த ஆரம்ப கால லாம்ப்களுக்கு ஆயுள் குறைவு. சீக்கிரம் எரிந்துபோகும். அதனால் முதல் நாளிலிருந்தே அவற்றைச் சாக்கெட்டில் செருகி, பிடுங்கி மாற்றுகிற மாதிரிதான் செய்தார்கள். மற்ற சாமான்களையெல்லாம் ஈயம் வைத்துப் பற்றவைத்துவிட்டு, லாம்பை மட்டும் பிடுங்கும்படி வைத்தார்கள். இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ரேடியோ பாடவில்லையா, லாம்பை மாற்று. பாட்டு கரகரக்கிறதா, லாம்பை மாற்று. கண்ணுக்குத் தெரிவதும் அது, வெளிச்சம் தருவதும் அது, கையால் பிடுங்க முடிவதும் அது. பழி முதலில் அதன் மேல்தான். பிறகு வந்த லாம்ப்கள் பல ஆயிரம் மணி நேரம் உழைத்தன. ஆனாலும் பேர் போகவில்லை.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

1978 மழைக்காலம். ஒரு மாலை ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தபோது பாட்டு உடைந்து உடைந்து வந்தது. பின்னால் எட்டிப் பார்த்தால் நான்கு லாம்பில் ஒன்று, இழை மட்டுமல்ல, உள்ளே இருக்கும் தகடே செக்கச்செவேலென்று பழுத்திருந்தது. பெரியப்பா ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தார். மறுநாள் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் ஒருவரை அழைத்து வந்தேன். அமைதியான மனிதர். பார்த்தார், புது லாம்ப் போட்டார், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பு. பத்து நிமிடம் நன்றாகப் பாடியது. பிறகு புது லாம்பும் சிவந்தது. அடுத்த வாரம் இன்னொன்று. அதுவும் சிவந்தது. மூன்றாவதையும் போட்டுப் பார்த்துவிட்டு அவர், “முசியே, கோளாறு லாம்பில் இல்லை என்று நினைக்கிறேன். ரெண்டு லாம்பை இடம் மாற்றிப் பார்த்தேன், அப்பவும் அதே குழியில்தான் சிவக்குது. மெஷினைக் கடையில ஒரு ரெண்டு நாள் விடுங்க, அடியைத் திறந்து பார்க்கணும்” என்றார்.

பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. மெஷின் வீட்டை விட்டு வெளியே போனால் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு கெட்டதைப் போட்டுவிடுவான் என்று நினைப்பு. மூன்று லாம்பும் பழசை மெருகேற்றி விற்றது என்று தீர்மானித்துவிட்டார். கடைசி லாம்புக்கான பணமும் கூலியும் சேர்த்து 60 ரூபாய் பாக்கி. “போய் அவனிடம் சொல், இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம், காசும் கிடையாது என்று” என்று என்னைத்தான் அனுப்பினார். எனக்கு அப்போது 28 வயது, குமாஸ்தா வேலையில் சேர்ந்து ஐந்து வருடம். போனேன், சொன்னேன். சொன்ன விதமும் நினைவிருக்கிறது. கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த ரேடியோவைத் திருப்பி வைத்து மறுபடி வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

பெரியப்பா 1991இல் காலமானார். ஆம்ப்ளி பரணுக்குப் போனது.

போன வருடம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது அதை இறக்கினோம். கூடவே ஒரு பிஸ்கட் டின்னில் அந்த மூன்று லாம்பும், ஒவ்வொன்றும் அட்டைப்பெட்டியோடு, பத்திரமாக. ஓய்வு பெற்ற பிறகு பொழுதுபோக்காக இந்த ரேடியோ வேலையில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் வந்திருந்தது. அடித்தகட்டின் ஆறு திருகாணியையும் கழற்றினேன்.

தகட்டின் உள்பக்கம் ஒரு மஞ்சளான தாள் ஒட்டியிருந்தது. முழு சர்க்யூட் படம். அதன் ஓரத்தில் பிரெஞ்சில் ஒரு சிறு பட்டியல்: எந்த லாம்பின் எந்தக் காலில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று. வோல்ட்டுக்கு 20,000 ஓம் மீட்டரால் அளந்தது என்ற குறிப்பு வரை இருந்தது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த ரிப்பேர்க்காரருக்குப் பிரெஞ்சு தெரியாது. எனக்குத் தெரியும். அன்றைக்கு வீட்டுக் கூடத்திலேயே இந்தத் தகட்டைத் திறந்து, அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்து இதைப் படித்துச் சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் விஷயம் முடிந்திருக்கும்.

பல வருடம் மின்சாரம் பார்க்காத பெட்டியை நேராகப் பிளக்கில் செருகக்கூடாது. பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றை வரிசையில் சேர்த்துச் செருக வேண்டும். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென எரியும், பெட்டி பிழைக்கும். (இந்தக் குண்டு பல்பு இப்போது கடையில் கேட்டால் சிரிக்கிறார்கள்.) பல்பு மங்கலாக எரிந்தது. நல்லது. ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று கனத்த உறுமல். அது பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கண்டென்சர்கள் உலர்ந்துபோனதால். இதில் ஆச்சரியம் இல்லை, அறுபது வருடத்தில் உள்ளிருக்கும் ஈரக் கரைசல் வற்றிவிடும். சென்னை ரிச்சி தெருவில் 47 மைக்ரோ, 450 வோல்ட் இரண்டு வாங்கி மாற்றினேன். உறுமல் போனது. இனி பல்பை எடுத்துவிட்டு, 1978இன் கேள்விக்கு வந்தேன்.

இந்த ஆம்ப்ளியில் கடைசிக் கட்டத்தில் இருப்பவை இரண்டு ஈ.எல்.84 லாம்ப்கள், ஒன்று தள்ள ஒன்று இழுக்க. ஃபிலிப்ஸ் 1953இல் கொண்டுவந்தது. சுண்டுவிரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிது, ஆனால் ஜோடியாக 10 வாட் கொடுக்கும், ஒரு வீட்டுக் கூடத்துக்குத் தாராளம். அதற்கு முன் நல்ல ஒலி வேண்டுமென்றால் பெரிய லாம்ப், பெரிய இரும்பு, பெரிய செலவு. 1947இல் வில்லியம்சன் என்பவர் ஒரு பத்திரிகையில் வெளியிட்ட ஆம்ப்ளிஃபையர் சர்க்யூட் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது, ஆனால் செலவு அதிகம். 1954இல் மல்லார்ட் கம்பெனி ஈ.எல்.84ஐ வைத்து ‘5-10’ என்று ஒரு சர்க்யூட்டை வெளியிட்டது. ஐந்து லாம்ப், 10 வாட். யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்துகொள்ளலாம். நீண்ட நேரம் ஓடும் எல்.பி. ரெக்கார்டு 1948இல் வந்திருந்தது, அதைக் கேட்க ஜனங்களுக்கு ஆம்ப்ளிஃபையர் தேவைப்பட்ட நேரம். ஒரு சாதாரண ராணுவ சார்ஜன்ட் தன் சம்பளத்தில் 1959இல் தூலோனில் ஒன்று வாங்க முடிந்தது என்றால் காரணம் இதுதான்.

ஈ.எல்.84இன் தகடு 12 வாட் வரைதான் சூடு தாங்கும். அதற்கு மேல் போனால் சிவக்கும். அது அளவாக மின்சாரம் எடுக்க வேண்டுமானால் கிரிட் 0 வோல்ட்டில் இருக்க வேண்டும், கேத்தோடு பத்தரை வோல்ட் அளவில் இருக்க வேண்டும். தாளிலும் அப்படித்தான் போட்டிருந்தது. மீட்டரை வைத்தேன். நல்ல பக்கத்தில் கிரிட் 0, கேத்தோடு 10.4. சிவக்கிற பக்கத்தில் முதலில் எல்லாம் சரியாகவே காட்டியது. ஐந்து நிமிடம் ஆனது. கிரிட்டில் 2 வோல்ட், 4, 7 என்று ஏறியது. பன்னிரண்டைத் தொட்டபோது கேத்தோடு 19. இரண்டு மடங்கு மின்சாரம் ஓடுகிறது என்று அர்த்தம். தகடு பழுக்க ஆரம்பித்தது, அணைத்துவிட்டேன்.

கிரிட்டுக்கு 12 வோல்ட் எங்கிருந்து வந்தது? லாம்புக்குள் வாயு சேர்ந்திருந்தாலும் இப்படி வரலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. லாம்பைப் பிடுங்கிவிட்டு, காலியான குழியில் கிரிட் காலை மட்டும் அளக்க வேண்டும். பிடுங்கினேன், அளந்தேன். வோல்ட் அப்படியே இருந்தது. ஆகவே லாம்ப் நிரபராதி. முந்தைய லாம்பின் பிளேட்டில் 180 வோல்ட். அதிலிருந்து பாட்டை மட்டும் இந்தக் கிரிட்டுக்கு விட்டு, அந்த 180 வோல்ட்டை விடாமல் தடுத்து நிற்பது நடுவில் உள்ள ஒரு சிறு கண்டென்சர். சுருட்டுத் துண்டு மாதிரி, பழுப்பு நிறத்தில், மெழுகு வடிந்து. அதன் வேலையே வாசற்காவல்தான். அதுதான் தூங்கிவிட்டது.

மெல்லிய உலோகத் தாளும் காகிதமும் சேர்த்துச் சுருட்டி, மெழுகில் முக்கி எடுப்பதுதான் அந்தக் காலத்துக் கண்டென்சர். சல்லிசான சாமான். ஆனால் காகிதம் ஈரத்தை இழுக்கும். மெழுகு எவ்வளவு பூசினாலும் ஓரத்தில் புகுந்துவிடும். ஈரம் போனால் காகிதம் கெட்டு, மின்சாரம் கசியும். சூடானால் இன்னும் அதிகம் கசியும். ஐரோப்பாவில் இதற்கு இருபது முப்பது வருடம் ஆகலாம். கடலிலிருந்து நாலு தெரு தள்ளி, உப்புக் காற்றில், ஐப்பசி மழையில் எத்தனை நாள் தாங்கும்? போதாக்குறைக்குப் பெட்டியின் பின்னால் உள்ள வோல்ட் குமிழில் 110, 127, 220 என்று மூன்று இடம்தான். நம் ஊர் மின்சாரம் 230, ராத்திரியில் 240கூட வரும். 220இல் வைத்து ஓட்டினால் 6.3 வோல்ட் கேட்கிற இழைக்கு 6.9 வரை போகும், உள்ளே எல்லாமே கொஞ்சம் கூடுதலாகக் கொதிக்கும்.

இங்கே அந்த ரிப்பேர்க்காரருக்காக ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கண்டென்சரைக் கழற்றி அவரிடம் இருந்த முள் மீட்டரால் ஓம் பார்த்திருந்தால் முள் அசைந்திருக்காது. சரியாக இருக்கிறது என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், கசிவு ஏழு மெக் ஓமுக்குச் சமம், அதுவும் சூடாகி, 180 வோல்ட் ஏறிய பிறகுதான். மீட்டரின் ஒன்றரை வோல்ட் பேட்டரிக்கு அது தெரியாது. மேஜை மேல் வைத்து, ஓடவிட்டு, காத்திருந்து அளந்தால்தான் தெரியும். அவர் கேட்ட இரண்டு நாள் அதற்குத்தான்.

பத்து ரூபாய் பெறுமான புதிய பிளாஸ்டிக் கண்டென்சர் இரண்டு, இரு பக்கத்துக்கும். பாலியஸ்டர் ஈரம் குடிக்காது. இதை மாற்றியதும் கிரிட்டில் 0, கேத்தோடில் 10.6. ஒரு மணி நேரம் கழித்தும் அதே.

நடுவில் நானும் ஒரு தப்பு செய்தேன். அவுட்புட் டிரான்ஸ்பார்மரைச் சோதிக்க அதன் ஸ்பீக்கர் பக்கத்து இரண்டு கம்பிகளைக் கழற்றியவன், திருப்பி வைக்கும்போது இடம் மாற்றிப் பற்றவைத்துவிட்டேன். சுவிட்சைப் போட்டதும் ஸ்பீக்கர் நாய் ஊளையிடுவதுபோல ஊளையிட்டது. மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். இதற்குப் பின்னாலும் ஒரு சரித்திரம். ஸ்பீக்கருக்குப் போகிற பாட்டில் ஒரு துளியைத் தலைகீழாக்கி முதல் லாம்புக்கே திருப்பி அனுப்பினால், நடுவில் ஏற்படும் பிசகெல்லாம் தானாகவே கழிந்துவிடும். சத்தம் குறையும், ஆனால் சுத்தம் கூடும். 1927 ஆகஸ்ட் 2ஆம் தேதி காலை, ஹரால்டு பிளாக் என்ற டெலிபோன் கம்பெனி எஞ்சினியர் நியூயார்க்குக்கு வேலைக்குப் போகும் படகில் நின்றுகொண்டிருந்தபோது இது தோன்றியது. கையில் இருந்த நியூயார்க் டைம்ஸ் செய்தித்தாளின் அச்சாகாத பக்கத்திலேயே வரைந்து வைத்தார். அமெரிக்கப் பேட்டண்ட் ஆபீஸ் அதற்கு அனுமதி தர 1937 ஆகிவிட்டது. கஷ்டப்பட்டுப் பெருக்கியதை நீயே ஏன் குறைத்துக்கொள்கிறாய் என்பது அவர்களுக்குப் புரியவில்லை. கோப்பு ஒன்பது வருடம் நகராமல் கிடப்பது எந்த நாட்டிலும் உண்டு போலும். தலைகீழாக்க வேண்டியதை நான் நேராக அனுப்பிவிட்டேன், அதனால்தான் ஊளை. கம்பிகளை மாற்றியதும் அடங்கியது.

பிறகு டின்னில் இருந்த மூன்று ‘கெட்டுப்போன’ லாம்ப்களையும் ஒவ்வொன்றாக அந்தக் குழியில் செருகினேன். முதலாவது 10.5. இரண்டாவது 10.1. மூன்றாவது மட்டும் சோர்ந்து 8.2. சிவக்கச் சிவக்க எரித்ததில் அது அடி வாங்கியிருக்கும். மூன்றும் புது லாம்ப்கள்தான். அந்த மனிதர் பழசை விற்கவில்லை. அவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி. அதே குழியில்தான் சிவந்தது.

விசாரித்தேன். ரிப்பேர்க்காரர் காலமாகிப் பதினைந்து வருடம் ஆகிறது. அதே இடத்தில் அவர் மகன் செல்போன் கடை வைத்திருக்கிறார். ஒரு நாள் மதியம், கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போய், யாரென்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். அன்றைக்கு உங்கள் அப்பாவைப் பேசியது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். “அப்பா இதைப்பத்தி வீட்ல ஒண்ணும் சொன்னதில்லை சார். சொல்லவும் மாட்டார்” என்றார். பாக்கி என்று ஒரு தொகையைக் கவரில் வைத்து எடுத்துப் போயிருந்தேன். வாங்க மறுத்தார். நான் வற்புறுத்தினேன். கடைசியில், “காசு வேணாம் சார். அந்த லாம்ப்ல ஒண்ணு குடுங்க, வச்சிருக்கேன்” என்றார். 10.1 வோல்ட் காட்டியதைப் பெட்டியோடு கொடுத்தேன். அட்டைப்பெட்டியின் மூடியில் பென்சிலால் ஒரு தேதி எழுதியிருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அப்பாவின் கையெழுத்து என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார், பள்ளியில் படிக்கும் தன் மகளையும் அழைத்துக்கொண்டு. விளக்கை அணைக்கச் சொல்லி அந்தப் பெண் பின்னால் போய் நின்று ஓட்டை வழியாகப் பார்த்தது. பெரியப்பாவின் ரெக்கார்டுகளில் கீறல் இல்லாத நான்கைந்துதான் தேறின. அவற்றை ஓட்டினோம். இப்போது வாசலில் ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் வைத்து 230ஐ 215ஆகக் குறைத்துத்தான் கொடுக்கிறேன். வாரத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம்.